மூடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நல்ல வார்த்தை என்னிடம் எப்போதுமே குறைவு. ஓய்வுபெற்ற பிறகாவது கூடும் என்று பார்த்தேன், கூடவில்லை. இருப்பதைத் தருகிறேன்.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கல்முனைக்குடியில் என் பக்கத்து வீட்டார் இன்றைக்கும் என்னை ஆஸ்பத்திரியில் தலைக்குக் கரண்ட் கொடுத்தவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் கொடுப்பதில்லை, தலைக்குள் ஏற்கெனவே ஓடுவதைத்தான் பதிந்து எடுக்கிறோம் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஊருக்குத் தெரியாவிட்டால் போகட்டும். செய்கிற உங்களுக்கே தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூளை அலைப் பதிவில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. விழித்திருக்கும் ஆளைச் சும்மா படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வோம். பின்மண்டைப் பக்கம் ஒழுங்கான ஒரு அலை எழும்பும். ஆல்பா என்று படித்திருப்பீர்கள். ஸ்டார்ட்டில் நிற்கிற மூன்று சக்கர வண்டியின் எஞ்சின்போல, ஓடாமலே ஓடிக்கொண்டிருக்கும். கண்ணைத் திறக்கச் சொன்னால் அந்த அலை கலைந்துவிடும். மூடச் சொன்னால் திரும்பி வரும். அவ்வளவுதான் விஷயம். மூடு, திற, மூடு. சின்னப் பிள்ளையும் செய்யும் வேலை. அதனால்தான் ஒருவரும் ஒழுங்காகச் செய்வதில்லை.

இப்போதைய இயந்திரத்தில் இதற்கென்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அமத்தினால் திரையில் ஒரு கோடு விழும், 'கண் திறப்பு' என்று எழுத்து வரும். பொத்தானை அமத்தினால் எழுத்துத்தான் வரும், கண் திறக்காது. இதை ஒரு பட்டதாரிக்கு நான் விளக்கவேண்டி வந்தது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, அந்தத் தம்பி சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஒழுங்காகப் பொத்தான் அமத்திக்கொண்டிருந்தார். மூடு, திற, மூடு. அதிபரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சேர் நித்திரை" என்றேன்.

"ஓம் மிஸ், நான் டைமிங் சரியாத்தான் போடுறன்" என்றார் தம்பி.

அந்தப் பதிவை வாசித்த டொக்டர், கண் திறந்தும் அலை மாறவில்லையே, ஏதோ கோளாறு என்று எழுதியிருந்தால் அதிபர் வாழ்நாள் முழுக்கக் குளிசை விழுங்கியிருப்பார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். பூனையாவது தன் கண்ணைத்தான் மூடியது.

நம் ஊர்ச் சங்கதி இன்னொன்று. தலை நிறைய வயரை ஒட்டி, ஆளைப் படுக்கவைத்து, "கண்ணை மூடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர் சிறியவர் வித்தியாசம் இல்லை, எல்லாரும் ஓதத் தொடங்கிவிடுவார்கள். கலிமா, ஆயத்துல் குர்ஸி, தெரிந்ததெல்லாம். ஓதுவது நல்லதுதான், ஆனால் உதடும் தாடையும் சேர்ந்து ஆடும். தாடை ஆடினால் நெற்றிப் பொட்டுப் பக்கமிருந்து முள்ளு முள்ளாய் ஒரு கிறுக்கல் பதிவு முழுக்க ஏறும். அதை வலிப்பு என்று வாசித்து ஒரு மருதமுனைப் பிள்ளையின் கலியாணத்தையே குழப்பப் பார்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். அதன் பிறகு நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "ஓதுறதெண்டா மனசுக்குள்ள ஓதுங்க, அல்லாஹ்வுக்கு அதுவும் கேக்கும். வாய மட்டும் ஆட்டாதங்க." பாடப்புத்தகத்தில் இது இருக்காது. எழுதியவன் இந்தக் கிழக்குக் கரைக்கு வந்திருக்கமாட்டான்.

என்னைப் பழக்கிய சிங்கள அம்மணி என்னைவிடப் பொல்லாதவர். கொழும்பில் பயிற்சிக்குப் போன முதல் கிழமை, ஒரு பதிவை அழகாக எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, என்னையே கட்டிலில் படுக்கவைத்து என் தலையில் வயரை ஒட்டினார். கண்ணை மூடச் சொன்னார், திறக்கச் சொன்னார். பிறகு கடதாசியை என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். மூடிய இடத்தில் என் அலை நெல்லுக் கதிர்போல வரிசையாக நின்றது. திறந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. "இந்த ரெண்டும் இல்லாட்டி நீ எடுத்தது மூளைப் பதிவு இல்ல, சுவர்ப் பதிவு" என்றார், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில். அந்த அம்மணி என்னைப் புகழ்ந்ததாக ஞாபகம் இல்லை. அவரிடம்தான் நான் தொழில் படித்தேன்.

இனி நஜீமின் கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் திட்டியதெல்லாம் அதற்குத்தான்.

சாய்ந்தமருதில் நஜீமைத் தெரியாத ஆள் கிடையாது. மூன்று சக்கர வண்டியின் தலையில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்புச் செய்வதுதான் அவர் தொழில். காணாமல் போன மாடு, வைத்திய முகாம், உடுப்புக் கடை மலிவு விற்பனை எல்லாம் சொல்வார். ஆனால் அவர் பெயர் எடுத்தது ஜனாஸா என்கிற மரண அறிவித்தலில். யார் மவுத்தானாலும், அவருடைய தகப்பன் பெயர், மாமனார் பெயர், குடியிருந்த தெரு, ஒழுங்கை, தொழுகை எந்தப் பள்ளியில் என்பதெல்லாம் ஒரே மூச்சில் வரும். நஜீமின் வாயால் சொல்லப்படாதவரைக்கும் ஊரில் ஒருவரும் முழுதாய்ச் சாகவில்லை.

அவருடைய மனைவி ஜெஸீமாவின் மூத்த சகோதரர் ஒரு ஹாஜியார். அவரும் ஒரு வகையில் இதே துறைதான். யாருக்காவது உயிர் இழுக்கிறது என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாயில் தண்ணீர் தொட்டு வைப்பது, கலிமாச் சொல்லிக் கொடுப்பது, உயிர் பிரிந்ததும் நாடியைத் துணியால் கட்டிக் கண்ணை மூடிவிடுவது எல்லாம் அவர் கைப்பழக்கம். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சுமக்க லொறி வேண்டும். ஹாஜியார் கண்ணை மூடுவார், நஜீம் ஊருக்குச் சொல்வார். மச்சான்மார் இருவரும் அப்படித்தான் இருந்தார்கள்.

நஜீமுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வருத்தம் வந்தது. மூளையின் அடித்தண்டில் இரத்தம் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது கை இல்லை, கால் இல்லை, பேச்சு இல்லை. தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் மூச்சு விடவைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். இமை சரியாக மூடாமல் கண் காய்ந்துபோகும் என்பதால் தாதிமார் கண்ணுக்கு மேல் ஈரத்துணி வைத்துப் பிளாஸ்ரர் ஒட்டினார்கள். அது சரியான பராமரிப்பு, அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

அந்த நாட்களில் நான் லீவில் இருந்தேன். எனக்குப் பதிலாக வேறிடத்திலிருந்து வந்த ஒரு தம்பி நஜீமுக்குப் பதிவு எடுத்தார். பிளாஸ்ரரைக் கழற்றக்கூட இல்லை. ஒட்டிய கண்ணோடு தொடக்கத்திலிருந்து முடிவுவரை பதிந்துவிட்டு, கீழே எழுதினார்: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை. கண் திறத்தல் செய்யவில்லை.' குழாயோடு அசைவற்றுக் கிடக்கும் மனிதன் எப்படி ஒத்துழைப்பான்? எழும்பி நின்று சலாம் சொல்லவேண்டுமா?

அந்தப் பதிவில் ஆல்பா அலை இருந்தது. இங்கேதான் நீங்கள் காதைத் திறந்து வைத்துக் கேட்கவேண்டும். அந்த அலை விழித்துக்கொண்டு கண்மூடிப் படுத்திருப்பவனுக்கும் வரும். மீளமுடியாத மயக்கத்தில் கிடப்பவனுக்கும் சிலவேளை ஏறக்குறைய அதே வேகத்தில் வரும். ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், மற்றவன் போய்க்கொண்டிருக்கிறான், காகிதத்தில் இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி. பிரித்தறிய நம் கையில் இருக்கும் நல்ல வழி கண்ணைத் திறந்து பார்ப்பது. முன்னவனின் அலை கலையும். பின்னவனின் அலை அசையாது. அந்த ஒன்றைத்தான் நம் தம்பி செய்யவில்லை.

பிறகு நம்மவர்களின் அஞ்சல் சேவை வேலை செய்தது. 'செய்யவில்லை' என்று தம்பி எழுதியதை, தூரத்து ஆஸ்பத்திரியிலிருந்து பதிவை வாசித்த டொக்டர் 'மாற்றம் காணப்படவில்லை' என்று எழுதினார். வாட்டில் நின்ற இளம் டொக்டர் அதைக் குடும்பத்துக்கு 'மூளை ஒன்றுக்கும் மாறுதில்ல' என்று சொன்னார். குடும்பம் ஊருக்கு 'மூளை செத்துப்போச்சு' என்று சொன்னது. அன்று பின்னேரமே யாரோ ஒரு பேரறிவாளன் நஜீமின் படத்தைப் போட்டு, 'இன்னாலில்லாஹி' என்று முகநூலில் எழுதிவிட்டான். கீழே ஊரே வந்து துஆக் கேட்டது. ஆயிரம் பேரின் மவுத்தைப் பிழையில்லாமல் சொன்ன மனிதனின் மவுத்தை ஒரு வெங்காயம் உயிரோடு இருக்கும்போதே அறிவித்தான்.

லீவு முடிந்து நான் வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே எங்கள் பெரிய டொக்டர், மட்டக்களப்புக்காரி, என்னைத் தேடி அறைக்கே வந்தார்.

"மிஸ், நஜீம்ட ஆக்கள் வீட்ட கொண்டுபோகக் கேக்காங்க. எழுதித் தந்திட்டுக் குழாயக் கழட்டிக் கொண்டுபோகப் போறாங்களாம். நான் இப்பதான் பழைய பதிவ எடுத்துப் பாத்த. 'செய்யல்ல' எண்டுதான் இதில கிடக்கு. 'மாறல்ல' எண்டு ஆர் சொன்ன?"

"உங்கட ஆக்கள்தான் டொக்டர்."

"உங்கட ஆள்தான் முதல்ல எழுதின" என்றார் அவர். பதிலுக்குப் பதில் சரியாகிவிட்டது. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு இருவரும் போனோம்.

வாசலில் ஹாஜியார் நின்றார். வெள்ளை ஜுப்பா, அத்தர் வாசம். கேட்டுக்கு வெளியே வேன் வந்து நின்றது. ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் ஆளை வீட்டில் சேர்த்துவிடவேண்டும், வெள்ளிக்கிழமை மவுத்தாகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. மச்சானுக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பினார். அதுதான் இன்னும் மோசம். கெட்டவனை அதட்டி நிறுத்தலாம், நல்லது செய்ய வருகிறவனை யார் நிறுத்துவது?

"இனி என்னத்துக்கு மிஸ் இந்த வயரெல்லாம்? அல்லாஹ்ட ஏற்பாடு முடிஞ்சி. சும்மா அந்த மனிசன வேதனப்படுத்தாதங்க."

"வயர் வேதன இல்ல ஹாஜியார். ஒட்டுற, கழட்டுற, அவ்வளவுதான்."

"ரெண்டு நாளா ஸகராத்து. கண்ணுல பிளாஸ்ரரக் கழட்டி மருந்து போடக்குள்ள எல்லாம் பாக்கன், கண்மணி மேல செருகிட்டுப் போகுது. எத்தின மவுத்தப் பாத்தவன் நான்? செருகின கண்ண அப்பிடியே விட்டா மறுகா மூடாது. நான்தான் கையால மூடி மூடி விடுறன்."

ஸகராத்து என்றால் உயிர் பிரியும் நேரம். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் அப்போது அதன் பொருள் பிடிபடவில்லை. எனக்கு நஜீமின் தலையோடுதான் சண்டை. சொந்தக்காரர்கள் தலை முழுக்கக் கருஞ்சீரக எண்ணெயை ஊற்றித் தேய்த்து வைத்திருந்தார்கள். எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது. துடைத்தேன், மறுபடி துடைத்தேன், ஒட்டினேன். ஹாஜியார் கதவடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து ஆண்கள். ஜெஸீமா கட்டிலின் கால்மாட்டில் யாஸீன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுபோவதா விடுவதா என்பதையும் அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

பிளாஸ்ரரைக் கழற்றினேன். இமையை மூடிவைத்துப் பதிந்தேன். பிறகு இரண்டு விரலால் இரண்டு இமையையும் உயர்த்திப் பிடித்தேன்.

திரையில் ஒன்றும் மாறவில்லை.

டொக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரியா?" என்று கதவடியிலிருந்து ஹாஜியார் கேட்டார். வேன்காரனின் ஹோர்ன் சத்தம் வேறு கேட்டது. அந்த இடத்தில், பிள்ளைகளே, உங்களில் பாதிப்பேர் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டு வயரைக் கழற்றியிருப்பீர்கள். செய்யவேண்டியதைச் செய்தாயிற்று, பொத்தானும் அமத்தியாயிற்று. யாரும் குறை சொல்லவும் முடியாது. நம் தொழிலில் ஆட்களைக் கொல்வது பெரிய பிழைகள் அல்ல, குறை சொல்லமுடியாத அரைவேலைதான்.

நான் திரையில் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். கண் திறந்த இடத்துக்கு முன்னாலேயே அலை தளர்ந்து, இழுபட்டு, சோம்பலாகப் போயிருந்தது. அரைத் தூக்கத்தில் இருக்கும் மூளையின் அலை அது. நித்திரை கொள்பவனின் இமையைத் தூக்கிவிட்டு மூளை மாறவில்லை என்று சொன்னால், நான் திட்டிய அந்தப் பொத்தான் தம்பிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"டொக்டர், ஆள் நித்திரைத் தூக்கத்தில. எழுப்பிப் பாக்கணும்."

டொக்டர் அவர் காதடியில் கூப்பிட்டார், தோளைத் தட்டினார், நகத்தை அமத்தினார். அலை கொஞ்சம் அசைந்து மறுபடி படுத்துக்கொண்டது. நான் ஜெஸீமாவைப் பார்த்தேன்.

"நீங்க கூப்பிடுங்க புள்ள."

அவள் தமையனைப் பார்த்தாள்.

"அவர என்னத்துக்குப் பாக்கிற? உங்கட மாப்பிள்ளைதானே, கூப்பிடுங்க."

அவள் எழும்பி வந்து தலைமாட்டில் குனிந்தாள். "இஞ்சாருங்க" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிற மாதிரி.

திரையில் பின்மண்டை அலை எழும்பி வரிசையில் நின்றது. அந்த அம்மணி என் மூக்குக்கு முன்னால் பிடித்த கடதாசியில் இருந்த அதே ஒழுங்கு. இமையை உயர்த்தினேன். அலை கலைந்தது. விட்டேன். திரும்பி வந்தது. டொக்டர் விரலால் 'இன்னொரு தடவை' என்று காட்டினார். உயர்த்தினேன், கலைந்தது. விட்டேன், வந்தது. கண்ணைத் திறந்தால் வெளியே பார்க்கிற மூளை, மூடினால் உள்ளே ஓய்கிற மூளை. உள்ளே ஆள் முழுசாக இருந்தார்.

இந்த முறை இமையை உயர்த்தியே வைத்துக்கொண்டேன். நஜீமின் கண்மணி மெதுவாக மேலே போனது.

"பாருங்க, பாருங்க! செருகுது!" என்று ஹாஜியார் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். பழக்கத்தில் கை முன்னால் நீண்டது, மூடிவிடுவதற்கு. நான் அந்தக் கையில் ஒரு அடி போட்டேன். ஊர்ப் பெரியவரின் கையில் அடிக்கக்கூடாதுதான். அடித்தேன்.

டொக்டர் குனிந்து நஜீமின் முகத்துக்கு நேரே வந்தார். "நஜீம், நான் கதைக்கிறது கேக்குதெண்டா இப்ப கீழ பாருங்க."

கண்மணி கீழே வந்தது.

"மேல பாருங்க."

மேலே போனது.

"கீழ."

கீழே வந்தது. சாகிற கண் சொல்லுக் கேட்டுக் கீழே இறங்காது. அறையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை, இயந்திரத்தைத் தவிர.

கை, கால், நாக்கு, தொண்டை எல்லாம் போய், அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்தது கண்ணை மேலும் கீழும் அசைப்பது மட்டும்தான். ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவர் கிடைத்த ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு அசைவால் கத்தியிருக்கிறார். நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று. ஒவ்வொரு தடவையும் ஹாஜியார் கண் செருகுது என்று சொல்லி, துஆ ஓதி, மரியாதையாக மூடிவிட்டிருக்கிறார். விவரம் தெரியாத ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் என்னவோ ஏதோ என்று தாதியைக் கூப்பிட்டிருப்பான். இவருக்கோ விவரம் அதிகம்.

டொக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். ஓம் என்றால் மேலே, இல்லை என்றால் கீழே. ஜெஸீமாதான் கேட்டாள். நோகுதா? கீழே. தண்ணி விடாய்க்குதா? மேலே. வீட்ட போகணுமா? கண் டக்கென்று கீழே போனது, இமையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அவ்வளவு கெதியாக ஒரு கண் 'இல்லை' என்று சொல்லி நான் கண்டதில்லை. இந்த அறையில் நடந்த பேச்செல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. மையவாடியில் அடக்குவதற்கு எந்த இடம், வண்டியையும் ஒலிபெருக்கியையும் யாரிடம் கொடுப்பது என்பதையெல்லாம் தலைமாட்டில் நின்றுதானே கதைத்தார்கள். கதவடியில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகக் கரைந்து போனார்கள்.

"வேற என்ன வேணும்? ஆரையாவது வெளிய போகச் சொல்லணுமா?" என்று கேட்டாள் ஜெஸீமா.

மேலே.

"என்னையா?"

கீழே.

"மிஸ்ஸையா?"

எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கீழே.

அவள் தமையனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "காக்காவையா?"

கண்மணி மேலே போனது. போனது இறங்கவே இல்லை.

அந்த ஒரு தடவை ஹாஜியார் செருகுது என்று சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், வெளியே போனார். போய் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஜும்ஆவுக்கும் போகாமல் நடைபாதையில் கிடந்த மர வாங்கில் குந்தி அழுததாகத் தாதிமார் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கு எழுதும்போது கொஞ்சம் வருகிறது, வயதாகிவிட்டது போலும்.

முகநூல்காரன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். படத்தை அழித்துவிட்டு, 'அல்ஹம்துலில்லாஹ், அற்புதம்' என்று புதிதாகப் போட்டான். ஊரே மறுபடி வந்து மாஷா அல்லாஹ் சொன்னது. அவன் அறிவிக்காவிட்டால் நஜீம் உயிரோடு இருக்கமாட்டார் பாருங்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் விரலை மூட அதுவும் இல்லை.

நஜீம் எழும்பி நடக்கவில்லை. அந்த மாதிரிக் கதைகளை எதிர்பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால் இன்றைக்கே விலகிவிடுங்கள். இயந்திரத்திலிருந்து கழன்று, தொண்டையில் துவாரத்தோடு, சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போனார். வாசலில் தெருவைப் பார்க்க வைத்துவிடுவார்கள். அவருடைய வண்டியை இன்னொருவர் ஓட்டினார். அந்த ஆள் ஜனாஸா அறிவித்துக்கொண்டு ஒழுங்கையைக் கடக்கும்போதெல்லாம் நஜீமின் கண் கீழே போய்விடுமாம். சொல்கிற விதம் பிடிக்கவில்லை. பெயரை முழுங்குகிறானாம். ஜெஸீமா எழுத்துப் பலகையை வைத்து ஒவ்வொரு எழுத்தாக இதைப் பிடித்தெடுத்து எனக்குச் சொன்னாள், சிரித்துக்கொண்டு. அவர்கள் வீட்டுக்கு நான் அடிக்கடி போகத் தொடங்கியிருந்தேன். திட்டுவதில் எனக்குச் சமமான ஆளை அதற்கு முன் நான் சந்தித்ததில்லை.

ஹாஜியாரும் வருவார். வாசல்வரை வந்து சலாம் சொல்லிவிட்டு நிற்பார். கண் மேலே போனால் உள்ளே வருவார். கீழே போனால் திரும்பிப் போய்விடுவார். மேலே போகப் பல மாதம் பிடித்தது.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு மழைக்காலத்தில் நஜீமுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா என்று கேட்டதற்குக் கண் கீழே போனது. மறுபடி மறுபடி கேட்டார்கள், கீழேதான். செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஊர் டொக்டர் ஒருவர் வந்து பார்த்து, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். உள்ளே போனேன். நாடியைக் கட்டியிருந்தார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எல்லாம் முறைப்படி. கண் மட்டும் பாதி திறந்தபடி இருந்தது.

தலைமாட்டில் ஹாஜியார் நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. அந்தக் கரையில் எத்தனையோ பேரின் கண்ணை மூடிய கை.

"மிஸ்" என்றார். "டொக்டர் சொல்லிட்டார்தான். எண்டாலும் நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களன். மூடட்டா?"

"என்னக் கேக்காதங்க ஹாஜியார். அவவக் கேளுங்க" என்றேன்.

ஜெஸீமா எழும்பி வந்தாள். குனிந்து, அந்தக் கண்ணுக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்க" என்றாள்.

காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். கண்மணி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"இப்ப மூடுங்க, காக்கா" என்றாள்.